யாருங்க டீச்சர் அந்த முத்துலட்சுமி?



இன்று ஜூலை 30. பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள். வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டவர்கள்தானே நீங்கள்!

போன மாதம் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, வயிற்றுப் பிள்ளைக்காரியான தன் மகளோடு நின்றிருந்தாள். "முத்துலட்சுமி பணம் இன்னும் ஏறலீங்க சிஸ்டர்" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சருங்க, நல்லா இருக்கறீங்களா? யாருங்க டீச்சர் அந்த முத்துலட்சுமி? எந்தக் கட்சிக்காரங்க?"

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "முதல் பெண் டாக்டர் கண்ணு" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீடு வரும்வரை அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு காரணங்கள். ஒன்று, அந்தப் பதில் தப்பு. இரண்டாவது, இதே பதிலை நாற்பது வருடங்களுக்கு முன்னால் என் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். உறவுகளுக்குத் தெரியும்; மாணவர்களுக்குத் தெரியாது.

1984. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்திருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, கூடவே படுத்துத் தூங்கும் என்னிடமும் சொல்லவில்லை. காட்டு வேலைக்குப் போனாள், எருமைக்குத் தண்ணீர் காட்டினாள், சீருக்குப் பாத்திரம் வாங்கினாள். கல்யாணம் முடிந்து, மறுவீடு அழைத்து, விருந்தெல்லாம் முடிந்த பிறகு ஒரு ராத்திரி என் கையைப் பிடித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?" என்று கத்தினேன்.

"அந்த வூட்ல அந்த நோவு இருக்குதுன்னு தெரிஞ்சா, பொண்ணை யாரு அம்மிணி எடுப்பாங்க?" என்றாள்.

புற்றுநோய் என்ற பேரைக்கூட அவள் வாயில் சொல்லவில்லை. 'அந்த நோவு' தான்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி மெட்ராஸ் போனோம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து, கரண்டும் வைத்தார்கள். அங்கே காத்திருந்த ஒரு நாளில், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அம்மிணி இந்தம்மா?"

"முத்துலட்சுமி ரெட்டிம்மா. முதல் பெண் டாக்டர். அவங்கதான் இந்த ஆஸ்பத்திரியைக் கட்டுனது."

"அவங்களுக்கும் இந்த நோவு வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் இல்லம்மா, பெரிய மனசு, கட்டுனாங்க" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அம்மா அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தாள். தங்கையின் மகனைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போனாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்லவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோதுதான் பதில் கிடைத்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைத் திருத்துகிறேன். முப்பத்தாறு வருடம் 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் ________' என்று கோடிட்ட இடம் கொடுத்து, 'முத்துலட்சுமி ரெட்டி' என்று எழுதியவர்களுக்கெல்லாம் ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறேன். மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றது 1886இல். வங்காளத்தின் காதம்பினி கங்குலி கல்கத்தாவில் மருத்துவம் முடித்ததும் அதே 1886இல். முத்துலட்சுமி அம்மையார் பிறந்ததே 1886 ஜூலை 30ஆம் தேதிதான்! நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியும் 1875இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆகவே, பிள்ளைகளே, அந்த ஒரு மதிப்பெண்ணை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'முதல்' என்ற பட்டம் இல்லாமலேயே அவர் பெரியவர்.

அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டை. அப்போது அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் மரபில் வந்த குடும்பத்துப் பெண். இப்படி ஒரு திருமணத்தை அந்தக் காலத்து ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஐயரின் சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை என்பதைச் சினிமா பிரியர்களான என் மச்சினர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அம்மா சந்திரம்மாளுக்கு, மற்ற அம்மாக்களைப் போலவே, மகளுக்கு நேரத்தோடு ஒரு கல்யாணம் செய்துவைத்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. அப்பாதான் வீட்டிலேயே உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902இல் தனியாகப் படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மேலே படிக்க ஆண்கள் கல்லூரிதான் இருந்தது. பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று பெரிய எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் 1904இல் சேர முடிந்தது. வகுப்பில் பையன்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் படித்தார்.

1907இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. 1912இல் தங்கப் பதக்கங்களோடு தேறி வெளியே வந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் அவர்தான். இந்த 'முதல்' சரியானது, எழுதிக்கொள்ளுங்கள்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். சாதி விட்டுச் சாதி. சடங்கு இல்லாமல், 1872ஆம் வருடத்துத் திருமணச் சட்டப்படி பதிவு. சம்மதிப்பதற்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. மாப்பிள்ளை ஒத்துக்கொண்டார். எத்தனை பவுன் போடுவீர்கள், எத்தனை ஏக்கர் பாத்தியம் என்று பேசுகிற ஊர்க்காரி நான். நூறு வருடத்துக்கு முன் ஒரு பெண் தன் நிச்சயத்தில் பேசிய கணக்கு இது என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு பையன்கள் பிறந்தார்கள். வீடு, வைத்தியம், பிள்ளைகள், கூடவே தங்கைகள். எல்லாவற்றையும் அந்த அம்மாள்தான் பார்த்தார்.

இப்போது என் அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

முத்துலட்சுமி அம்மையாருக்குச் சுந்தரம்பாள் என்று ஒரு தங்கை. அந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. வயிற்றுக் கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1923இல் அந்தத் தங்கை இறந்து போனாள். அக்கா டாக்டர். அக்கா வீட்டுக்காரரும் டாக்டர். தங்கப் பதக்கம் வாங்கின கை பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அம்மா, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவங்களுக்கு வரவில்லை. அவங்க தங்கச்சிக்கு வந்தது. நீ மறைத்து வைத்ததைப் போலவே அங்கேயும் அந்த நோய் மறைந்தே இருந்தது. அதனால்தான் அந்த ஆஸ்பத்திரி.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி உடனே வந்துவிடவில்லை. தங்கை இறந்து அது திறக்க 31 வருடம் ஆனது. அந்த இடைப்பட்ட வருடங்களில் அவர் செய்தவற்றைப் பார்த்தால், என்னைப் போன்ற ஆட்களுக்குத் தலை சுற்றும்.

1925இல் அரசு உதவித்தொகையோடு இங்கிலாந்து போய், லண்டன் செல்சி பெண்கள் மருத்துவமனையில் மேல்பயிற்சி பெற்றார். அந்த லண்டனில் புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை 1851இலேயே தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் ஒன்றுகூட இல்லை. 1926இல் பாரிஸில் நடந்த உலகப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் மெட்ராஸ் சட்ட மேலவைக்கு நியமிக்க விரும்பினார்கள். வைத்தியத் தொழில் கெட்டுவிடும் என்று முதலில் தயங்கினார். இந்திய மாதர் சங்கத்துத் தோழிகள் வற்புறுத்தியதால் ஒத்துக்கொண்டார். 1927இல் சபையில் உட்கார்ந்த முதல் பெண் ஆனார். சபையே ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது.

இந்த இடத்தில் நம் கொங்குநாட்டுச் செய்தி ஒன்று சொல்ல வேண்டும். அப்போது மெட்ராஸ் மாகாணத்தின் முதலமைச்சர் யார் தெரியுமா? திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். 1926 முதல் 1930 வரை அவர் ஆட்சி. அவருடைய மனைவி ராதாபாய் சுப்பராயனும் பெண்கள் உரிமைக்கு நின்றவர். 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து போன இரண்டு பெண்களில் ஒருவர். இவர்கள் மகள்தான் கோவை மக்களவை உறுப்பினராக இருந்த பார்வதி கிருஷ்ணன். ஆகவே, இதெல்லாம் மெட்ராஸ்காரங்க சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து வீடுகளிலும் இந்த விளக்கு எரிந்திருக்கிறது.

சபையில் அவர் கையில் எடுத்த பெரிய வேலை, சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்துவது. அவருடைய அம்மாவின் குடும்பத்தில் இருந்த வழக்கம் அது. 1927இல் தீர்மானம் கொண்டு வந்தார். சபையில் அவர் எதிராளியிடம் கேட்டதாக ஒரு வசனம் வருடாவருடம் வாட்ஸ்அப்பில் சுற்றிவரும். வசனத்தை விடுங்கள், அவர் கொண்டுவந்த சட்டத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். அங்கேதான் அவருடைய புத்தி தெரிகிறது.

கோயில் சேவை செய்கிற குடும்பங்களுக்கு மானிய நிலம் உண்டு. சேவையை விட்டால் நிலம் போய்விடும். அதனால்தான் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக்கட்ட வேண்டிவரும். 1929இல் வந்த சட்டத்திருத்தம் என்ன செய்தது என்றால், சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே சொந்தம் என்றது. பிழைக்க ஒரு பிடிமானம் கொடுத்துவிட்டு, பிறகு வழக்கத்தை விடச் சொன்னார். நிலத்தின் அருமை நமக்குத் தெரியுமே! ஒரு ஏக்கர் காட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிற ஊர் இது.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. மதத்தில் கை வைக்கிறார்கள் என்று சில தலைவர்கள் எதிர்த்தார்கள். அந்தச் சமூகத்துப் பெண்களிலேயே பலர் மனு கொடுத்தார்கள். எங்களை எல்லோரையும் ஒரே மாதிரி கேவலமாகப் பேசாதீர்கள், பாட்டும் ஆட்டமும் எங்கள் கலை, எங்கள் சொத்துரிமையைப் பறிக்காதீர்கள் என்று கேட்டார்கள். அதையும் நாம் மறைக்கக் கூடாது. சீர்திருத்தம் என்றால் ஒரு பக்கம் நல்லவர்கள், மறுபக்கம் கெட்டவர்கள் என்று வகுப்பில் சொல்லிவிடுகிறோம். உண்மை அவ்வளவு சுலபமாக இருக்காது. அதே வழக்கத்தில் சிறுவயதில் சிக்கி மீண்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மறுபக்கம் நின்று ஊர் ஊராகப் போய் இதை ஒழிக்கப் பேசினார். 'புதுமைப் பெண்' திட்டத்தில் கல்லூரிப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அது இவர் பெயரில்தான். ஒழிப்புச் சட்டம் முழுமையாக வந்தது 1947இல். தீர்மானத்திலிருந்து சரியாக இருபது வருடம்.

1930இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதானபோது முத்துலட்சுமி அம்மையார் சபைப் பதவியை விட்டு விலகினார். அந்தச் சமயத்தில்தான் பொட்டுக்கட்டும் குடும்பங்களைச் சேர்ந்த சில பெண் பிள்ளைகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். அந்தக் குலத்துப் பெண்கள் என்று சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். பிறகு என்ன செய்வார்? தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அடையாறு அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. இன்றைக்கும் நடக்கிறது.

இதைப் படிக்கும்போது நான் ஒரு தாயாக யோசித்தேன். வீட்டில் இரண்டு பையன்கள் படிக்கிற வயசு. ஊர் ஒதுக்கி வைத்த பெண்களை அதே கூரையின் கீழ் வைத்துக்கொள்வது என்றால் அந்த வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சேர்ந்து ஒத்துக்கொண்டால்தான் முடியும். சமூக சேவை என்று நாம் சுருக்கமாகச் சொல்கிறோம். அந்த வீட்டுப் பாத்திரத்தில் அன்றைக்கு இன்னும் சில படி அரிசி கூடப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான் அதன் ஆரம்பம்.

ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. ஆசிரியர் பயிற்சியில் நாம் எல்லோரும் ஹார்டாக் குழுவை மனப்பாடம் செய்தோம். 1929ஆம் வருட அறிக்கை, 'விரயமும் தேக்கமும்' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களைப் பார்த்தவர் முத்துலட்சுமி ரெட்டி. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானும் தேடவில்லை. அந்த அறிக்கையில் ஒரு கணக்கு வரும். 1922-23இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளில், மூன்று வருடம் கழித்து நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தவர்கள் வெறும் 18 பேர். மிச்சம் 82 பேர் எங்கே போனார்கள்? அதற்குப் பேர்தான் விரயம்.

அந்த வார்த்தையை எழுதி மதிப்பெண் வாங்கிய நான், என் வகுப்பில் அது நடந்தபோது என்ன செய்தேன் என்று சொல்லியாக வேண்டும். 1987 என்று நினைவு. எட்டாம் வகுப்பு, முதல் பெஞ்சில் ஒரு பெண். கணக்கில் கெட்டிக்காரி. காலாண்டு விடுமுறை முடிந்து வரவில்லை. தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அப்போதே சட்டப்படி பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். பதினான்கு என்று இருந்த சாரதா சட்டம்கூட 1929இலேயே வந்துவிட்டது. அதற்காகவும் முத்துலட்சுமி அம்மையார் பாடுபட்டிருக்கிறார். நான் அவள் வீட்டு வாசலுக்குக்கூடப் போகவில்லை. ஊர்ப் பொல்லாப்பு நமக்கெதற்கு என்று வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேராகச் சிவப்பு மையில் கோடு போட்டேன். அந்தக் கோடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருந்தால், தாயி, இந்த டீச்சரை மன்னித்துவிடு.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்.

1935இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. அந்த மேடையில் புற்றுநோய்க்கு ஒரு தனி மருத்துவமனை வேண்டும் என்று முத்துலட்சுமி அம்மையார் சொன்னார். தங்கை போய்ப் பன்னிரண்டு வருடம். அப்போது பெரிய ஆதரவு கிடைக்கவில்லை. தீராத நோய்க்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, அந்தக் காசில் தீருகிற நோயைப் பார்க்கலாமே என்பதுதான் பலருடைய எண்ணம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941இல் வந்துவிட்டது. தெற்கே ஒன்றும் இல்லை.

அவர் விடவில்லை. இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி டாக்டராகியிருந்தார். அவரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் புற்றுநோய் வைத்தியம் கற்க வைத்தார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கிப் பணம் திரட்டினார்கள். அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. இன்றைக்கு என் வயசு. எனக்குச் சுகாதார நிலைய வரிசையில் நிற்கவே முழங்கால் வலிக்கிறது.

1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. பெரிய கட்டடம் என்று நினைக்காதீர்கள். குடிசைகள். 12 படுக்கைகள். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியோடு அடுத்த வருடம் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். அரசு வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஆரம்பத்தில் சம்பளம்கூட இல்லாமல் வேலை பார்த்து, மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். 2005இல் மகசேசே விருது பெற்ற அதே சாந்தா அம்மாதான். கிருஷ்ணமூர்த்தி 2010இலும் சாந்தா 2021இலும் காலமானார்கள். கடைசிவரை அந்த மருத்துவமனைதான் அவர்கள் வாழ்க்கை.

யோசித்துப் பாருங்கள். ஒரு சின்னம்மா செத்துப் போனாள். அம்மா அந்தத் துக்கத்தை முப்பது வருடம் மனதில் வைத்திருந்து, மகனை அதற்கே படிக்க வைத்து, அவன் கையில் ஒரு ஆஸ்பத்திரியைக் கொடுத்தாள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தோட்டத்தைக் கொடுப்பார்கள், மில்லைக் கொடுப்பார்கள். இந்த அம்மாள் கொடுத்தது ஒரு கடனை. மகனும் அதை வாழ்நாள் முழுக்க அடைத்தார்.

1956இல் அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தார்கள். 1968 ஜூலை 22இல், 82 வயது நிறைய எட்டு நாள் இருக்கும்போது காலமானார். அவர் பிறந்த நாளை இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது. மகப்பேறு உதவித் திட்டமும் அவர் பெயரில். பதினெட்டாயிரம் ரூபாய், தவணை தவணையாக; அதில் நாலாயிரத்துக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த பெண்ணின் பெயர், இன்றைக்கு நம் ஊர்ப் பெண்களின் வங்கிக் கணக்கில் வந்து ஏறுகிறது.

நான் இதிலிருந்து புரிந்துகொண்டது ஒன்றே ஒன்று. அவர் செய்த பெரிய காரியங்கள் எல்லாம் அவர் வீட்டிலிருந்துதான் தொடங்கின. அம்மா பிறந்த குடும்பத்து வழக்கம் சட்டமானது. வாசலில் வந்து நின்ற பிள்ளைகள் அவ்வை இல்லம் ஆனார்கள். தங்கையின் சாவு மருத்துவமனை ஆனது. நமக்கும் வீட்டில் இவையெல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. நாம் மூடி வைக்கிறோம். சொன்னால் பெண்ணை எடுக்க மாட்டார்கள், ஊர் என்ன சொல்லும், நமக்கெதற்கு. அவர் மூடி வைக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

ஆகவே, இந்தப் பதிவைப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்கும், மருமகள்களுக்கும், என் வயசுக்காரர்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். கட்டி, நிற்காத உதிரப்போக்கு, எதுவாக இருந்தாலும் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் பரிசோதிக்கிறார்கள். இப்போது ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டியதுகூட இல்லை, கோவையிலேயே வைத்தியம் இருக்கிறது. ஆம்பிளைப் பசங்களுக்கும் வீட்டுப்பாடம் உண்டு: உங்கள் அம்மாவிடம் இன்று ராத்திரி ஒரு வார்த்தை கேளுங்கள். என் அம்மாவிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வருடம் முன்னாலேயே சொல்லியிருப்பாளோ என்னவோ.

அந்தச் சுகாதார நிலையத்துப் பொண்ணு இதைப் படித்தால்: கண்ணு, அவங்க எந்தக் கட்சியும் இல்லை. தங்கச்சியைப் பறிகொடுத்த ஒரு அக்கா. உன் மகளுக்குப் பிள்ளை பிறந்ததும் எனக்குச் சொல்லி அனுப்பு, பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்